ஐந்து முறை இல்லை என்றேன்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு மாடிக் கம்பியில் ஈரத் துணி காயாமல் தொங்கும். துண்டு, பாவாடை, கால்சட்டை, யாருடையதென்று தெரியாத ஒரு பனியன். காற்றில் சாரல் இருக்கும் வரைக்கும் அவை காயப் போவதில்லை. நாற்காலி முதுகில் போட்டு மின்விசிறியைச் சுழலவிட்டால் மறுநாள் காலையில் வீடு முழுக்கப் புளித்த வாடை வரும். தென்காசியில் வீடு வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த வாடை தெரியும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று தொலைக்காட்சியில் காட்டிய மறுநாளே உறவுக்காரர்களிடமிருந்து போன் வரும். சீசன் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது மாடி அறை காலியாக இருக்கிறதா என்பதுதான். நன்றாக இருக்கிறது, வாருங்கள் என்போம். வேறு எதுவும் சொல்ல முடியாது. வந்தவர்கள் பேரருவியில் இரண்டு நாள், ஐந்தருவியில் ஒரு நாள், பழைய குற்றாலத்தில் ஒரு நாள் குளித்துவிட்டு, மங்குஸ்தான் பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, நேந்திரங்காய் வற்றல் பொட்டலத்தோடு ஊருக்குப் போவார்கள். போகும்போது போய்விட்டு வாருங்கள் என்போம். வாசலில் நின்று வெறுமனே போ என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் வாயிலிருந்தும் வராது. சாவு விழுந்த துட்டி வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் வருகிறேன் என்று சொல்லாமல் கிளம்புவார்கள்.

நான் முப்பத்திரண்டு ஆண்டு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவன். மாணவர்களை மரியாதையில்லாமல் லே போட்டு அழைத்தது கிடையாது. அதில் எனக்குப் பெருமை உண்டு. கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவேன். ஒருவனை வெளியே போகச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் எத்தனையோ வழிகள் இருக்கின்றன. போய்ப் பட்டம் விடு என்பார்கள். நெடுநடை போய் வா என்பார்கள். கண்ணில் அகப்படாத அரும்பொருள் ஆகிவிடு என்பார்கள். கேட்பதற்கு ஏதோ ஒரு வேலை சொல்லி அனுப்புவது போல இருக்கும். உள்ளே இருக்கிற பொருள் ஒன்றே ஒன்று: நீ இங்கே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இவற்றை ஒரு பட்டியலாகவே எழுதிப் போடுவேன். பரீட்சைக்கு வராது. இவை அவமதிக்கிற தொடர்கள், பெரியவர்களிடமும் விருந்தாளிகளிடமும் சொல்லக் கூடாதவை என்று அடியில் கோடு போட்டு எழுதச் சொல்வேன். அந்தக் குறிப்பை எழுதச் சொன்னவனும் நான்தான்.

சீசன் விருந்தாளிகளிடம் அவற்றைச் சொல்ல ஆரம்பித்தது எந்த வருஷம் என்று நினைவில்லை. முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. நாலாவது நாளும் கிளம்பாத ஒரு பெரியப்பா மகனிடம், காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டே, முகம் நிறையச் சிரிப்போடு ஒன்றைச் சொன்னேன். அவர் ஏதோ உபசாரம் என்று நினைத்துத் தலையை ஆட்டினார். மனசு லேசானது. பிறகு அது பழக்கமாகிவிட்டது. என் மனைவி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். "இவியளுக்கு ஆள் வந்துட்டா இங்கிலீஷும் சேந்து வந்துரும்" என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவர்களோடு நானும் சிரிப்பேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சீசனில் என் மைத்துனர், மனைவிக்கு மூத்த அண்ணன், தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். திருவேங்கடம் பக்கத்தில் அவருக்கு மானாவாரி நிலம். பருத்தி, உளுந்து, மக்காச்சோளம். அவர் மனைவி இறந்து பல காலம் ஆகியிருந்தது. மகளுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். கோவில்பட்டியில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் ஆண்டில் அவளுக்கு நோய் வந்தது. யாரும் இல்லாத இடத்திலிருந்து குரல்கள் கேட்கும். போ, எழுந்து போ, இங்கே இருக்காதே என்று சொல்லும். அவள் எழுந்து போய்விடுவாள். இரண்டு தடவை பேருந்து நிலையத்திலிருந்து கூட்டி வந்தார்கள். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அதில் பெரும்பகுதி அடங்கியது. மனம் கலங்கியவர்களை ஒரு மண்டலம் அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்தில் வெகுகாலமாக இருந்து வருகிற வழக்கம். மைத்துனர் மருத்துவரிடம் கேட்டாராம். தண்ணீர் கெடுதல் செய்யாது, மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்றாராம். நாற்பத்தெட்டு நாள் தங்க வந்திருந்தார்கள்.

வந்த அன்று சாயங்காலம், அவள் என் மனைவியோடு பின்கட்டில் இருந்தபோது, மைத்துனர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் என்னைவிட மூத்தவர்; ஆனாலும் என் முன்னால் சாய்ந்து உட்கார மாட்டார்.

"மாப்ள, ஒரே ஒரு காரியந்தான். அவ வந்து, 'இப்ப இன்னது சொன்னியளா'ன்னு கேப்பா. சொல்லியிருந்தா ஆமான்னுருங்க. சொல்லலன்னா இல்லன்னுருங்க. கேலி மட்டும் பண்ணிராதிய. டாக்டர் பழக்கி விட்டது. அந்தப் பதில வச்சுத்தான் அவ நடமாடுதா."

நான் சரி என்றேன். இதை எழுதும்போது எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இல்லை. எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. முதல் நாளே சொல்லியிருந்தார்.

அவள் கேட்கிற விதம் நன்றாக இருக்கும். பக்கத்தில் வந்து நின்று, நாம் நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருப்பாள். "அத்த, இப்ப என்னயக் கூப்பிட்டியளா?" இல்ல மக்கா என்பாள் என் மனைவி. சரி என்று திரும்பிப் போய் விட்ட வேலையைத் தொடர்வாள். "மாமா, மழ வருதுன்னு சொன்னியளா?" ஆமாம்மா, சொன்னேன். அதற்கும் அதே சரிதான். தேர்வுத் தாளைத் திருத்துகிறவர் போல உண்டு, இல்லை என்று பிரித்து வைத்துக்கொள்வாள். அப்படிப் பிரித்தபின் இல்லாததைப் பற்றி அவளுக்குப் பயம் இல்லை. முதல் வாரத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை கேட்டாள். காலை ஐந்தரை மணிப் பேருந்தில் என் மனைவி அவளை ஐந்தருவிக்குக் கூட்டிப் போவாள். பெண்கள் பக்கம் கூட்டம் சேர்வதற்கு முன்னால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு எட்டு மணிக்குத் திரும்புவார்கள். அந்தத் தண்ணீரின் அடியில் வேறு எந்தச் சத்தமும் கேட்பதில்லை என்று அவள் அத்தையிடம் சொன்னாளாம். மூன்றாவது வாரத்தில் கேள்வி நாளுக்கு ஒன்று, இரண்டு என்று குறைந்தது. சின்ன வெங்காயம் உரித்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தாயம் விளையாடி அழிச்சாட்டியம் பண்ணினாள். மைத்துனர் முகத்தில் தெளிவு வந்தது. மருந்தினாலா தண்ணீரினாலா, கேட்டதற்கு உள்ளது உள்ளபடி பதில் கிடைத்ததாலா, தெரியாது. கடைசியாகச் சொன்னதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு போன் வந்தது. என்னிடம் படித்து உயர்ந்த பதவிக்குப் போனவன். குடும்பத்தோடு குற்றாலம் வருகிறேன், விடுதியில் தங்க மனசில்லை, சார் வீட்டில் இரண்டு நாள் இருக்கலாமா என்று கேட்டான். அவன் வந்து தங்கினான் என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லலாம். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆனவனுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. மாடி அறையில் மைத்துனரும் மகளும் இருந்தார்கள். மண்டலம் முடிய இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. கீழே ஒரு அறையை ஒழித்துக் கொடுத்திருக்கலாம். மைத்துனரிடம் இரண்டு நாள் கூடத்தில் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் படுத்திருப்பார். நான் நினைத்தது வேறு. அந்தப் பெண் வந்தவர்கள் முன்னால் போய் நின்று, இன்னது சொன்னியளா என்று கேட்டு வைப்பாளே என்று நினைத்தேன். அவர்கள் வீட்டில் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லை. ஆங்கிலம் வந்தது.

மைத்துனரிடம் காப்பியை நீட்டும்போது, டேக் எ ஹைக் என்றேன். "ஆகட்டும் மாப்ள" என்றார். மறுநாள் அவர் அருவியில் தண்ணீர் எப்படி என்று சொல்லிக்கொண்டிருக்கையில், ஹிட் தி ரோட் என்றேன். அதற்கடுத்த நாட்களில் கோ ஃப்ளை எ கைட், மேக் யுவர்செல்ஃப் ஸ்கேர்ஸ். ஐந்தாம் நாள் அவர்கள் இருவரும் படியேறும்போது அவர்கள் முதுகைப் பார்த்து, பாட்டு மாதிரி இழுத்து, கெட் லாஸ்ட். அவளுக்கு அந்த மொழி தெரியும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். மாத்திரை சாப்பிட்டவள் காதில் எது ஏறப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

ஆறாம் நாள் காலையில் அருவியிலிருந்து வந்த ஈரத் தலையோடு அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் செய்தித்தாளிலிருந்து நிமிரும் வரை காத்திருந்தாள். மைத்துனர் எதிரே இருந்தார். என் மனைவி அடுக்களை வாசலில் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, அப்பாகிட்ட காப்பி குடுக்கும்போது டேக் எ ஹைக்னு சொன்னியளா?"

மைத்துனர் என்னைப் பார்த்தார். அவருக்கு அதன் பொருள் தெரியாது. அவள் அவர் பக்கம் திரும்பி, கிளம்பிப் போன்னு அர்த்தம்ப்பா, மரியாதையில்லாம சொல்றது என்று விளக்கினாள். தப்பில்லாத விளக்கம். என் வகுப்பாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். அவர் முகத்தில் சட்டென்று ஒரு சங்கடம் வந்தது, மகளுக்காக. மாப்பிள்ளையைப் பார்த்து இப்படிக் கேட்கிறாளே என்று.

இல்லையே அம்மா என்றேன்.

அவள் இரண்டாவதைக் கேட்டாள். ஒவ்வொன்றாக, நான் சொன்ன வரிசையில், நான் சொன்ன இடத்தையும் சொல்லிக் கேட்டாள். கேட்டபின் அதன் அர்த்தத்தையும் தகப்பனுக்குச் சொன்னாள். இல்லை. இல்லைம்மா. இல்லை. நடுவில் நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொரு கேள்வியும் ஒரு வாய்ப்பு என்று அப்போதே தெரிந்தது. முதலாவதற்கு இல்லை என்று சொல்லிவிட்டதால் இரண்டாவதற்கும் அதையே சொன்னேன். ஐந்தாவது முறை சொல்லும்போது என் குரல் மிகவும் கனிவாக இருந்தது. அவள் சரி மாமா என்றாள். ஆனால் போகவில்லை. "உங்க குரலாவே கேட்டுச்சு" என்றாள். பிறகு மாடிக்குப் போனாள்.

மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். குரல்கள் இதுவரை தெரிந்த ஆள் யாருடைய குரலிலும் பேசியதில்லை. இப்போது மாமன் குரலில், இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிட்டன. நோய் முற்றுகிறது என்று அவருக்குத் தோன்றியதில் என்ன பிழை? மருத்துவருக்குப் போன் செய்தார். இப்படி இப்படிக் கேட்கிறாள், மாப்பிள்ளை சொல்லவே இல்லை என்கிறார் என்று சொன்னார். மாத்திரையைக் கூட்டச் சொல்லி, நேரில் அழைத்து வரச் சொன்னார்கள். மறுநாள் காலையில் கிளம்பினார்கள். மண்டலத்தில் இருபத்து நாலாவது நாள். "உங்களுக்குத்தான் மாப்ள செரமம், மனசுல வச்சுக்கிடாதிய" என்று வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். போயிட்டு வாங்க என்றேன். அவள் திரும்பி என் வாயைப் பார்த்தாள். அது என் வாயிலிருந்துதான் வந்ததா என்று பார்த்தாள் போல. கேட்கவில்லை.

அந்த மாணவன் குடும்பத்தோடு வந்தான். இரண்டு நாள் இருந்தான். என்ன பேசினோம் என்று ஒன்றும் நினைவில்லை.

அதன்பிறகு மைத்துனர் மகள் யாரிடமும் கேட்பதை விட்டுவிட்டாள். இரண்டு வருஷம் கழித்துச் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். சாப்பிட வா என்று ஒருத்தி கூப்பிட்டாள். அவள் அசையவில்லை. இன்னொருத்தி சத்தமாகக் கூப்பிட்டாள். சுவரைப் பார்த்தபடி இருந்தாள். செவிடு என்று நினைத்தார்கள். மைத்துனர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் தோளில் கையை வைத்து, எந்திரி தாயி, சாப்பிடுவோம் என்றார். எழுந்து வந்தாள். எந்தக் குரலையும் அவள் இனி நம்புவதில்லை. தொட்டுச் சொன்னால் நிஜம், தொடாமல் சொன்னால் ஒன்றுமில்லை. கதவு தட்டினால் போக மாட்டாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று கத்தினாலும் திரும்ப மாட்டாள். அன்றைக்கு என் இலையில் என்ன விழுந்ததோ, எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பத்து வருஷம் இதோடு இருந்தேன். தூக்கம் கெடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வைகாசியில் மைத்துனர் என் மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவளுக்குக் காது மந்தம். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவருக்குக் கண் அறுவை முடிந்திருந்தது, முழங்கால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளும் மகள் அங்கேயே வராண்டாவில் உட்கார்ந்திருந்தாளாம். நர்ஸ் கூப்பிட்டாலும் எழவில்லையாம். "எனக்குப் பெறவு அவ தோளத் தொடதுக்கு யாரு இருக்கா தங்கச்சி?" என்றார். அவர் அழவில்லை. விதை உளுந்து இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

அன்று மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவியிடம் சொன்னேன். ஐந்தையும் சொன்னேன், அர்த்தத்தோடு. அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும் காம்புகளை ஒதுக்கினாள்.

"அந்தப் பிள்ள அஞ்சு தடவ கேட்டா. நான் அங்கனதான இருந்தேன்" என்றாள். கீரையை அள்ளிக்கொண்டு எழும்போது, "நாளைக்கு திருவேங்கடம் போவணும்" என்றாள்.

சங்கரன்கோவிலில் வண்டி மாறிப் போய்ச் சேரும்போது பதினோரு மணி. மைத்துனர் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கட்டிலில் இருந்தார். அவர் மகள் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தலையில் நரை வந்துவிட்டது. மைத்துனர் கட்டிலைப் பிடித்து எழுந்து போய்த் தோளைத் தொட்டு, மாமா வந்திருக்காவ என்றார். அவள் சுளகைக் கீழே வைத்தாள். என் மனைவி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தத் தோளில் தன் கையை வைத்தாள். வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள் என்னிடம்.

அன்னைக்கு நீ கேட்டதெல்லாம் நான் சொன்னதுதான் அம்மா என்றேன். அப்படி மொத்தமாகச் சொன்னால் போதாது என்று பட்டது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். டேக் எ ஹைக், ஆமா, சொன்னேன். ஹிட் தி ரோட், ஆமா. ஐந்துக்கும் ஆமா. அவள் பழைய மாதிரியே தலையசைத்து வாங்கிக்கொண்டாள். மைத்துனர் கண்ணாடியைக் கழற்றினார். வெளிச்சம் கூசியிருக்கும், மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"நான் அவளுக்கு மாத்திரயக் கூட்டுனேனே மாப்ள" என்றார்.

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். நீ என் வீட்டை விட்டுப் போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

அவள் உளுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று மைத்துனர் பிறகு சொன்னார்.

"மாமா, அஞ்சு இல்ல, ஆறு. கோ ப்ளே இன் தி ட்ராஃபிக்னு ஒண்ணு. மாடிப்படிக்குக் கீழ நின்னு. அத அன்னைக்கு நான் கேக்கல, பயமா இருந்துச்சு. அது சொன்னியளா?"

வண்டிகள் ஓடுகிற ரோட்டில் போய் விளையாடு. போகச் சொல்கிற தொடர்களில் அது ஒன்றுதான் செத்துப் போகவும் சொல்வது. எனக்கு அது தெரியும். வகுப்பில் ஒரு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே நின்று அவளிடமோ அவள் தகப்பனிடமோ சொன்னேனா? நினைத்துப் பார்த்தேன். சொல்லியிருக்கக் கூடியவன்தான் நான். சொன்ன நினைவு இல்லை. சொல்லாத நினைவும் இல்லை. ஆமாம் என்றால் அவள் கேட்டது சரியாகிவிடும். ஒருவேளை அது நோயின் குரலாக இருந்தால், அதையும் நிஜம் என்று நான் முத்திரை குத்தியவன் ஆவேன். இல்லை என்றால், நான் அவளிடம் சொல்கிற ஆறாவது 'இல்லை' ஆகிவிடும் அது. மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஞாபகம் இல்லம்மா என்றேன். அதுதான் உண்மை. அதை வைத்து அவள் என்ன செய்வாள்? உண்டு, இல்லை என்ற இரண்டில் எதிலும் அதைப் போட முடியாது. அவள் என் மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"அத்த, மாமா இப்ப பேசினாவளா?"

"பேசினாவ மக்கா" என்றாள் என் மனைவி. "ஞாபகம் இல்லங்காவ. ஞாபகம் வந்ததும் சொல்லுவாவ."

சரி என்று சொல்லிவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டாள்.

என் மனைவி அங்கேயே இருந்துவிட்டாள். அண்ணனுக்குக் கண் சரியாகும் வரை என்று சொன்னாள். இப்போது இரண்டு மாதம் ஆகிறது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்கிறார்கள். இந்த வருஷம் வருகிறோம் என்றவர்களிடம் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன். காப்பி நானே போட்டுக்கொள்கிறேன். தினமும் மாடிப்படிக்குக் கீழே போய்க் கொஞ்ச நேரம் நிற்கிறேன். அந்த நாட்களில் ஏதாவது ஒன்று, யார் மேலே ஏறினார்கள், என் கையில் என்ன இருந்தது, மழையா வெயிலா, அப்படி ஒன்றாவது கிடைத்தால் மற்றதும் வந்துவிடும் என்று நிற்கிறேன். காலை எட்டு மணிக்குத் திருவேங்கடத்திலிருந்து மனைவியின் போன் வரும். சாப்பிட்டியளா என்று கூடக் கேட்பதில்லை. அவள் பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்பது சுளகுச் சத்தத்தில் தெரியும்.

"ஞாபகம் வந்துச்சா?" என்பாள்.

இன்று காலையும் கேட்டாள். இல்லை என்றேன்.